‘வலை’யை ‘வைல’ என்று வாசித்த சிறுமி

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு புதன்கிழமை. ஆலந்தலைக்குப் பக்கத்தில் கடற்கரைக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளி. கையிலிருந்த பெயர்ப் பட்டியல் பறந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் சுடிதாரைப் பிடித்து இழுத்து ஒரு கேள்வி கேட்டாள். அதற்கடுத்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்குப் படபடவென்று வருகிறது.

நான் அங்கே எப்படிப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு தூத்துக்குடி மில்லர்புரத்தில். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நேரம் அது. எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை ஒருவர், சின்னப் பிள்ளைகள் தமிழ் வாசிக்க எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு மாதம் கூட வந்து உதவ முடியுமா என்று கேட்டார். வீட்டில் சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லை என்று கிளம்பிவிட்டேன்.

வேலை கேட்பதற்குச் சுலபம். ஒரு தாளில் தனித்தனிச் சொற்கள் இருக்கும். பிள்ளை ஒரு நிமிஷம் வாசிக்க வேண்டும். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு குறி, தப்புக்கு ஒரு குறி. தடுமாறுகிற பிள்ளைகளைப் பட்டியல் போட்டு, அவர்களுக்கு மட்டும் மூன்று மாதம் மாலையில் தனி வகுப்பு நடத்தப்போகிறார்கள். யாருக்கு எங்கே இடறுகிறது என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை என்பார் பேராசிரியை.

விதி ஒன்றே ஒன்றுதான். பிள்ளை நின்றுவிட்டால் மூன்று விநாடி பொறுக்க வேண்டும். பிறகு ‘அடுத்தது’ என்று சொல்ல வேண்டும். முகத்தில் எதையும் காட்டக் கூடாது. என்னோடு வேலைக்கு வந்த இன்னொரு பெண் இதில் கெட்டிக்காரி. துறைமுகத்தில் வேலை பார்ப்பவரின் மகள். பிள்ளை அழுகிற நிலைக்கு வந்தாலும் அவள் முகம் சிமெண்டுச் சுவர் மாதிரி இருக்கும். இவளுக்கு இரக்கமே கிடையாதா என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

என்னால் அது முடியவில்லை. பயிற்சியின்போது பேராசிரியை பக்கத்தில் இருந்தார், ஒழுங்காகத்தான் செய்தேன். தனியாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போக ஆரம்பித்ததும் மனசு இளகிவிட்டது. நான் சொன்ன அந்தச் சிறுமியோடுதான் முதன்முதலில் அது நடந்தது. இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய பச்சை ரிப்பன். ‘மழை’ என்ற சொல்லில் நின்றாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். ஒரு விநாடி, இரண்டு விநாடி. என் உதடு தானாக அசைந்தது. சத்தமே இல்லை, ‘ம’, ‘ழை’ என்று வாய் மட்டும். அவள் “மழை” என்றாள். முகம் பூவாக விரிந்தது. எனக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகு அவள் தாளைப் பார்த்ததைவிட என் வாயைப் பார்த்ததுதான் அதிகம். அடுத்து வந்த பிள்ளைகளுக்கும் அப்படியே செய்தேன். மூன்று பள்ளிகள், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். என் பிள்ளைகள் எல்லாம் நன்றாக வாசித்தார்கள். கூட வேலை பார்த்தவள்கூட ஒரு நாள் பஸ்ஸில் கேட்டாள்.

“ஏளா, உன் ஸ்கூல் பிள்ளைங்க மட்டும் எப்படி இப்படி வாசிக்காங்க?”

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். தனி வகுப்புக்கான முதல் பட்டியல் தயாராகிவிட்டது. பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்து வர என்னை அனுப்பியிருந்தார்கள். அப்போதுதான் அந்தச் சிறுமி வந்து என் சுடிதாரை இழுத்தாள்.

“அக்கா, எம் பேரு இருக்கா?”

பார்த்தேன். இல்லை. நீ நல்லா வாசிச்சல்லா, உனக்குத் தனி வகுப்பு வேண்டாம் என்று கன்னத்தைத் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

“அன்னைக்கு நீங்க வாயை அசைச்சீங்கல்லா, அதப் பாத்துத்தான் சொன்னேன். எனக்கு வாசிக்க வராதுக்கா. எம் பேரையும் எழுதிக்கிடுங்க.”

அவள் என்மேல் குறை சொல்லவில்லை. கெஞ்சினாள். பக்கத்தில் உட்காரும் தோழியின் பெயர் பட்டியலில் இருக்கிறது, இவள் பெயர் இல்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. இவள் ஒருத்தியா? ஐம்பத்தெட்டுப் பேரில் எத்தனை பேருக்கு நான் வாயசைத்திருக்கிறேன்? உதவி தேவைப்பட்ட பிள்ளைகளை எல்லாம் ‘உதவி வேண்டாம்’ என்ற பக்கத்தில் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே.

தூத்துக்குடி திரும்பும் பஸ்ஸில் என்னென்னவோ நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் அவள் பெயரை மட்டும் சேர்த்துவிடலாமா? ஒரு பெயர்தானே. ஆனால் மற்ற பிள்ளைகள்? உப்பளங்களைத் தாண்டும்போது மனசைத் திடப்படுத்திக்கொண்டு, இறங்கின கையோடு பேராசிரியைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேலை போகும், திட்டு விழும், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் கோபப்படாமல் பேசியதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

“பாவம்னு நெனச்சு செஞ்சிருக்க, புரியுது. ஆனா அந்தப் பிள்ளைங்களோட தப்பத் தேடித்தான் நாம போனோம். அத நீ அழிச்சிட்டு வந்துட்டியேம்மா.”

என்ன செய்யலாம் என்று நான் அழுகிற குரலில் கேட்டேன். அவர் யோசித்தார். திங்கட்கிழமை பட்டியல் இறுதியாக வேண்டும், தனி வகுப்பு எடுக்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் பயிற்சி. பழைய தாளைத் திரும்பக் கொடுத்தால் பிள்ளைகள் ஞாபகத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். நல்லவேளை, அதே அளவு கஷ்டத்தில் வேறு சொற்கள் கொண்ட இரண்டாவது தாள் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். ஐம்பத்தெட்டுப் பேரையும் மறுபடி வாசிக்க வைக்க வேண்டும். இந்தத் தடவை இன்னொன்றும் சொன்னார்: வெறும் தப்புக் குறி போடாதே, பிள்ளை எப்படி வாசித்ததோ அதை அப்படியே எழுது.

வியாழக்கிழமை தாள் அச்சடிக்கவே போய்விட்டது. மிச்சம் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். மூன்று பள்ளியில் ஒன்று காயல்பட்டினத்தில். முஸ்லிம்கள் அதிகமுள்ள ஊர் என்பதால் அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். என் கூட வேலை பார்த்தவள்தான் சொன்னாள், வெள்ளி லீவு விடுகிற பள்ளிக்கூடம் சனிக்கிழமை திறந்திருக்குமே என்று. அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். அவளுக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை. என் தப்புக்கு அவள் ஏன் அலைய வேண்டும்? ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் தன் ஸ்கூட்டரோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

வழியெல்லாம் எதிர்காற்று. கண்ணில் மண். பின்னால் உட்கார்ந்து பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். முதல் பள்ளியை ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடித்தோம். இரண்டாவதுதான் அந்தச் சிறுமியின் பள்ளி. தலைமையாசிரியை எங்களைப் பார்த்ததும் மறுபடியுமா என்றார். தப்பு என்னுடையது என்று மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “நாங்களும் தெனம் இதத்தானம்மா செய்யுதோம். பிள்ளை நின்னுட்டுன்னா சட்டுன்னு நாமளே சொல்லிருவோம்” என்று சொல்லி, சாப்பாட்டு மணி முடிந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பினார்.

நான் குனிந்து தாளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். அந்தச் சிறுமி வந்து உட்கார்ந்ததும் வழக்கம்போல என் முகத்தைத் தேடினாள். நான் நிமிரவில்லை. ‘கதவு’, ‘மேகம்’, ‘பாட்டு’ எல்லாம் சரியாக வந்தன. அடுத்து ‘வலை’. நின்றாள். ஒரு விநாடி. இரண்டு விநாடி. என் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது விநாடியில், யாரும் உதவப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, தன் பாட்டுக்கு வாசித்தாள்.

“வைல.”

வீட்டு வாசலில் வலை காய்கிற ஊர்ப் பிள்ளை, வலையை ‘வைல’ என்கிறாள். சொன்னபடியே எழுதினேன். அப்புறம் ‘நகை’ வந்தது. “நைக” என்றாள். எழுதினேன். ‘சிவப்பு’ சரி. ‘கடலை’க்கு “கடைல”. ‘படகோட்டி’க்கு “படேகாட்டி”.

நிமிஷம் முடிந்து கடிகாரம் கத்தியது. நான் எழுதியதை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தேன். வைல, நைக, கடைல, படேகாட்டி. முதல் பார்வைக்குத் தாறுமாறாகத்தான் தெரிந்தது. இரண்டாவது பார்வையில் என் கை மயிர் சிலிர்த்துவிட்டது. இவை நான்கு தப்பு இல்லை. ஒரே தப்பு.

ஒரு காகிதத்தில் ‘கலை’ என்று எழுதிக் காட்டி, எப்படி வாசிப்பாய் என்று கேட்டேன். “கைல” என்றாள். ஏன் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, விரல் வைத்துக் காட்டினாள். க-வுக்கு அடுத்து அந்த ஐகாரச் சுழி நிற்கிறது. அதனால் அது க-வோடுதான் சேரும்.

“கா எழுதும்போது காலு பின்னாலதான நிக்கும்? அப்ப இதுவும் முந்தின எழுத்துக்குத்தானக்கா?”

யோசித்துப் பாருங்கள். அவள் சொல்வதில் என்ன தப்பு? ‘கா’வில் துணைக்கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. ஐகாரக் குறியும் கொம்பும் மட்டும்தான் எழுத்துக்கு முன்னால் போய் நிற்கின்றன. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தானாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்து, ஒரு இடம் விடாமல் அதையே கடைப்பிடித்திருக்கிறாள். ‘மேகம்’ மாதிரி சொல்லின் முதலிலேயே கொம்பு வந்தால் ஒட்டுவதற்கு முன்னால் எழுத்து இல்லை, அதனால் சரியாக வாசித்துவிடுவாள். பாடப் புத்தகத்தில் இருப்பது மனப்பாடம். அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு தலைமையாசிரியையிடம் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. ஒன்றாம் வகுப்பில் பாதி வருஷம் இவள் பள்ளியில் இல்லை. அப்பா கேரளப் பக்கம் மீன்பிடிக்கப் போனபோது குடும்பமே கூடப் போய்விட்டது. திரும்பி வந்தபோது வகுப்பு கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த அறையில் பிள்ளைகளை வாசிக்க வைத்துக்கொண்டிருந்த என் தோழியிடம் ஓடினேன். அவளிடமிருந்த தாள்களைப் புரட்டினோம். அங்கேயும் ஒரு பிள்ளை “நைக” என்றிருக்கிறான். முதல் பள்ளித் தாள்களில் இன்னும் இரண்டு பேர். நானும் அவளும் வராந்தாவிலேயே குதித்தோம். சிமெண்டுச் சுவர் என்று நான் நினைத்தவள் குதித்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கூட்டமாகக் கூடிவிட்டார்கள். பேராசிரியைக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவர், அந்தத் தாளைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பு, உடனே அனுப்பு என்று மூன்று தடவை சொன்னார். பிள்ளைகள் இந்தக் குறிகளில் தடுமாறுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு பிள்ளை தனக்கென்று ஒரு விதியையே வைத்திருப்பதை இவ்வளவு தெளிவாகத் தாளில் பார்த்ததில்லை என்றார்.

அந்தச் சிறுமிக்கு அங்கேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட எனக்கு மனசு துடித்தது. பேராசிரியை சம்மதிக்கவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்கலாம், அவசரப்பட்டு மறுபடி குழப்பாதே என்றுவிட்டார். சனிக்கிழமை காயல்பட்டினத்தில், குறுகலான தெருக்களில் வழி கேட்டுக் கேட்டுப் போய், மிச்சப் பிள்ளைகளையும் முடித்தோம். அங்கேயும் இரண்டு பேரிடம் அதே தப்பு இருந்தது. ஆக, திங்கட்கிழமைப் பட்டியலில் அந்தச் சிறுமியின் பெயரோடு இன்னும் பல பெயர்கள் ஏறின. என் பழைய தாள்களைப் பேராசிரியை என் முன்னாலேயே தனியாக ஒரு உறையில் போட்டு, ‘இதைக் கணக்கில் எடுக்கக் கூடாது’ என்று மேலே எழுதினார். அவை என் கையெழுத்துப் போட்ட தாள்கள். பார்க்கக் கூசியது.

இனி, இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? திங்கட்கிழமை பேராசிரியையின் அறையில் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். எழுத்து ஒரு நிறம், குறி ஒரு நிறம் என்று அட்டை வெட்டினோம். ‘குறி முன்னால் வரும், சத்தம் பின்னால் வரும்’ என்று சொன்னால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். அப்போது என் தோழி மெதுவாக ஒன்று சொன்னாள். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் டக்கு ஓட்டுகிற வேலை. பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்து வருமே, அந்தச் சின்ன இழுவைப் படகைத்தான் இங்கே டக்கு என்பார்கள்.

“கொம்பு டக்கு மாதிரிதான? முன்னால போகும். அது இழுக்குறது பின்னால வாற கப்பலைத்தான். முன்னால போன கப்பலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

பேராசிரியை அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரமே வகுப்பு ஆரம்பித்தது. கடற்கரைப் பள்ளியில் முதல் நாள் நானும் போயிருந்தேன். தோழி தரையில் அட்டைகளைப் பரப்பினாள். வ ஒரு கப்பல், ல ஒரு கப்பல். நடுவில் நீல அட்டையில் ஐகாரக் குறி, அதுதான் டக்கு. அந்த டக்கையும் ல-வையும் ஒரு நூலால் கட்டினாள். வ தனியாகப் போய்விட்டது. இப்போது வாசியுங்கள் என்றாள்.

அந்தச் சிறுமி கண் கொட்டாமல் பார்த்தாள். உதடு முணுமுணுத்தது. வ... லை. சட்டென்று நிமிர்ந்தாள்.

“அக்கா, இது வைல இல்ல. வலை.”

அடுத்து அவள் செய்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை உருவி, கடைசிப் பக்கத்திலிருந்து, இன்னும் நடத்தாத பாடங்களைப் புரட்டினாள். விரலை வைத்து டக்கு டக்காகத் தேடினாள். “சிலை”, “பறவை”, “கவலை” என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். அறை முழுக்க ஒரே இரைச்சல். நடுவில் அவள் ஒரு சொல்லில் நின்றாள். ஓகாரம் வருகிற சொல். அதற்கு நாங்கள் இன்னும் அட்டையே வெட்டவில்லை. குனிந்து உற்றுப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“இதுல முன்னால ஒரு டக்கு, பின்னால ஒரு டக்கு!”

பெரிய கப்பல் என்றால் அப்படித்தான் முன்னும் பின்னும் இரண்டு டக்கு வரும் என்று தோழி சொல்லி முடிப்பதற்குள், அவள் அந்தச் சொல்லை வாசித்துவிட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நிஜமான கோபத்தோடு எங்களிடம் கேட்டாள்: “இத ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?”



எல்லாருக்கும் இப்படி ஒரே நாளில் பூட்டு திறந்துவிடவில்லை. சில பிள்ளைகளுக்கு மூன்று மாதமும் போதவில்லை. காரணம் என்னவென்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாத பிள்ளைகளும் உண்டு. அதையும் பேராசிரியை மறைக்காமல் எழுதிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி எல்லாரையும் வாசிக்க வைக்க எங்களையும் கூப்பிட்டபோது, அந்தச் சிறுமிக்கு நான் தாள் கொடுக்கக் கூடாது என்று நானே கேட்டுக்கொண்டேன். தோழிதான் உள்ளே உட்கார்ந்தாள். நான் வெளியே ஜன்னலுக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாசித்தாள். வேகமாக இல்லை, ஒவ்வொரு சொல்லாக, அழுத்தித் திருத்தமாக. ஒரு இடத்தில் தப்பாக ஆரம்பித்து, தானே நிறுத்தி, தானே திருத்திக்கொண்டு மேலே போனாள். கடிகாரம் கத்தும்போது நான் என் துப்பட்டாவைப் பாதி கசக்கிவிட்டிருந்தேன்.

இன்றைக்கு நானும் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. பிள்ளைகள் தப்பாக வாசிக்கிற சொற்களை அவர்கள் சொன்னபடியே அதில் எழுதி வைக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள், சரியானதைச் சொல்லிக்கொடுக்காமல் தப்பைச் சேர்த்து வைக்கிறாயே என்று. சொல்லிக்கொடுக்காமல் இருப்பதில்லை. ஆனால் ஒரு பிள்ளை தப்பாக வாசிக்கும்போது, அது இப்படி வாசிக்க என்ன காரணம் வைத்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை. அந்தக் காரணம் பிடிபடுகிற நாளில், அதைவிடப் பெரிய சந்தோஷம் இந்த வேலையில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.